கரையில் நின்று பேசும் தமிழ்

சென்னை காசிமேட்டிலிருந்து தூத்துக்குடி பழைய துறைமுகம் வரை கரையோரமாகத் தெற்கே போகிறவருக்குக் கடல் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை அதைச் சில இடங்களில் காட்டும். பல இடங்களில் சவுக்குத் தோப்புக்கும் உப்பளத்துக்கும் பின்னால் மறைத்துவிடும். சாலையை விட்டுக் குப்பங்களுக்குள் இறங்கினால், படகின் பாகங்களுக்கென்றே ஒரு தமிழ் அங்கே புழங்குவதைக் கேட்கலாம். ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். படகின் முன்பக்கம் அணியம். பின்பக்கம் அமரம், அங்கிருந்து படகைத் திருப்புகிறவர் அமரக்காரர். அடியில் நெடுக ஓடும் மரம் ஏரா. பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல்; பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். மரப்படகு கட்டும் தச்சர் ஓடாவி. இதே சொற்களைச் சாலைக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டர் தள்ளிப்போய்ச் சொன்னால் புரிந்துகொள்பவர்கள் மிகக் குறைவு. கடலோடிய இனம் என்று மேடைதோறும் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நங்கூரத்தையும் சுக்கானையும் துடுப்பையும் விட்டால், கப்பலின் உறுப்புகள் நம் பொதுப்பேச்சில் அன்றாடப் பொருளோடு இடம்பெறவே இல்லை. ஏன் என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான். பொதுத்தமிழ் கப்பலைக் கரையில் நின்றே பார்த்துப் பழகியது. கப்பலுக்குள் வேலை செய்தவர்களின் பேச்சை அது கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

கப்பலை வைத்து நாம் அன்றாடம் பேசுவதைக் கொஞ்சம் அடுக்கிப் பார்க்கலாம். மானம் கப்பலேறிப் போகிறது. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால், கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று வீட்டில் அதட்டுகிறார்கள். மகளைக் கரையேற்றிவிட்டேன் என்று தகப்பன் பெருமூச்சு விடுகிறார். இக்கரைக்கு அக்கரை பச்சை. இவற்றைச் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டால் விடை எளிது. கப்பல் ஏறுவதை அவர் கரையிலிருந்து பார்க்கிறார்; அது கவிழ்ந்த செய்திக்குக் கரையில் காத்திருக்கிறார். முதல் போட்ட வணிகரின் குரல் அது, வழியனுப்பிய குடும்பத்தின் குரல் அது. இன்னும் உற்றுப் பார்த்தால், நம் மரபுத்தொடர்களில் ஆறுதான் கடலைவிட அதிகம். நம்பியவனை நட்டாற்றில் விடுகிறோமே தவிர, நடுக்கடலில் விடுவது குறைவு. மண்குதிரையை நம்பி இறங்குவதும் ஆற்றில்தான். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்ற பழமொழியில் இருப்பது பரிசல் துறையின் காட்சி. வண்டிப்பாதை ஆற்றைச் சந்திக்கும் இடம். துறை என்ற சொல்லே ஆற்றில் இறங்கும் படித்துறையிலிருந்து துறைமுகத்துக்கும், அங்கிருந்து காவல்துறை, கல்வித்துறை வரைக்கும் வந்துவிட்டது. இத்தனையிலும் ஒரு கயிறு இல்லை, ஒரு பருமல் இல்லை, அணியத்தில் நின்று அலையைப் பார்க்கும் ஒரு ஆள் இல்லை.

ஆங்கிலத்தை இதோடு ஒப்பிடுவது அடிமைப் புத்தி அல்ல. வேறுபாட்டின் காரணத்தைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. திடுக்கிட்டுப் போனவரை ஆங்கிலேயர் ‘டேக்கன் அபேக்’ என்கிறார். எதிர்க்காற்று அடித்துப் பாய்கள் பாய்மரத்தோடு பின்பக்கமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தான நிலைக்குக் கப்பலில் வழங்கிய பெயர் அது. மொத்தத்தில் என்பதற்கு ‘பை அண்ட் லார்ஜ்’ என்கிறார். காற்றை எதிர்த்தும் காற்றோடு சேர்ந்தும் ஒரு கப்பல் எப்படி ஓடுகிறது என்பதைக் குறித்த தொடர் அது. இரண்டும் தளத்தில் கயிறு இழுத்தவர்களின் பேச்சு. இப்படிச் சொல்லப்படும் மூலக்கதைகளில் கட்டுக்கதைகளும் நிறைய உண்டு; எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. நம்பத்தக்கவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் வேறுபாடு தெளிவு. காரணம், அந்த நாட்டில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள். நெப்போலியனுடன் நடந்த போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். கடலோடிகளைப் பலவந்தமாகப் பிடித்துச் சேர்த்ததோடு, கடலே பார்த்திராதவர்களையும் சேர்த்தார்கள். 1815க்குப் பிறகு பெரும்பாலோர் கலைக்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கூடவே கடலோடிகளில் சிலர் எழுதினார்கள். 1769இல் வெளியான கடற்சொல் அகராதியைத் தொகுத்த வில்லியம் ஃபால்கனர் கப்பலில் வேலை செய்தவர். நாவலாசிரியர் மாரியட் கடற்படைக் கேப்டனாக இருந்தவர். அமரத்தில் நின்ற கை அங்கே எழுதுகோலும் பிடித்தது.

தமிழில் சொற்கள் கப்பலுக்குப் போகவே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நிறையவே போயின, திரும்பி வந்தவைதான் குறைவு. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் இதை யோசிப்பது பொருத்தம். அந்த முகத்துவாரத்தில் கூம்பையும் மேற்பாயையும் கழற்றாமலே உள்ளே நுழைந்த பெருங்கலத்தை, சோழன் நலங்கிள்ளியைப் பாடும் புறநானூற்றின் 30ஆம் பாட்டு காட்டுகிறது. கலம், கூம்பு, பாய் மூன்றையும் பாருங்கள். கலம் வீட்டில் சோறு வைக்கும் பாத்திரம், நெல் அளக்கும் அளவு, கடலில் கப்பல். பாய் திண்ணையில் விரிப்பது, கடலில் காற்றைப் பிடிப்பது. கூம்பு அன்று பாய்மரம்; இன்று பள்ளிக்கூட வடிவியல் பாடத்தில் மட்டும் இருக்கிறது. இந்த வரிசை இன்னும் நீளும். மாடிக்கும் தராசுக்கும் உள்ள தட்டு கப்பலுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் கயிறு ஓடும் கப்பிதான் பாய்மரத்திலும் கயிறு ஏற்றியது. வினைச்சொல் எல்லாவற்றையும்விட வலுவான சான்று. ஏரை ஓட்டுகிறோம், வண்டியை ஓட்டுகிறோம், கப்பலையும் ஓட்டுகிறோம். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனாருக்குக் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயர் நிலைத்ததும் இந்த வினையால்தான்.

இங்கே ஒருவர் மறுக்கலாம். பாய் என்ற இரண்டும் ஒலியில் ஒத்த வேறு சொற்களாக இருக்கக் கூடாதா? ஒரு சொல்லை மட்டும் எடுத்தால் அந்த ஐயம் நியாயமானது. ஆனால் கிழக்காசியக் கடல்களில் கோரையாலும் ஓலையாலும் பின்னிய விரிப்புகளே நெடுங்காலம் காற்றுப் பாயாக இருந்தன. பொருள் ஒன்றாக இருந்தபோது பெயர் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. அதோடு கலமும் தட்டும் கப்பியும் ஓட்டும் ஒரே திசையைக் காட்டும்போது, இத்தனையும் தற்செயல் என்பதை ஏற்க முடியவில்லை. வீட்டுச் சொல்லும் வயல் சொல்லும் கப்பலேறின என்பதே பொருத்தமான விளக்கம். அவை வீட்டையும் விட்டுப் போகாததால் அவற்றைக் கடற்சொற்களாக நாம் உணர்வதே இல்லை. விண்வெளிக்குப் போகும் ஊர்தியைத் தயக்கமின்றி விண்கலம் என்றோம். தூத்துக்குடியில் இறங்கும் இரும்புப் பெட்டியைக் கொள்கலன் என்றோம். பழைய சொல் புதிய வேலைக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு இவையே போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நெய்தல் என்று கடற்கரைக்கே ஒரு திணை வகுத்த மொழி, திமிலையும் அம்பியையும் நாவாயையும் வங்கத்தையும் பிரித்துப் பிரித்துப் பெயரிட்ட மொழி, கடலோடியின் பேச்சைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம்? சங்க காலத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புலவர்கள் கரைக்கு மிக அருகில் இருந்தார்கள். தூரம் பிறகுதான் வளர்ந்தது. ஆற்றுப்பாசனமும் கோயிலும் நிலவுடைமையும் எழுத்தின் மையமான பின்பு, பரதவரும் பட்டினவரும் முக்குவரும் மரக்காயரும் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். மீனைக் கரையில் வாங்கிக்கொண்ட ஊர், மீன் பிடித்தவரின் சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை. சாதி வகுத்த தூரம் இது. கடலின் தூரம் அல்ல. அச்சு வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, முத்துக்குளித்துறைப் பரதவரை மனத்தில் வைத்து ஹென்றிக் ஹென்றிக்ஸ் பாதிரியார் செய்த நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் கடலோடிகளுக்காகவே வந்தது என்பது பெரிய செய்தி. ஆனால் அந்த நூல் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வந்தது. அவர்களிடமிருந்து கேட்டு எழுத வரவில்லை. 1620இல் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியோடு தொடர்புடைய ‘கப்பல் சாத்திரம்’ என்ற தமிழ் நூல் ஒன்று உண்டு. கப்பல் கட்டும் அளவுகளும் நல்ல நேரமும் கலந்த அந்தச் சுவடி அச்சு நூலாக வெளிவந்தது 1950இல்தான். டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்க வரும் பேருந்துகளில் அந்த நூலின் பெயரை அறிந்து வருபவர் சிலரே இருப்பார்கள்.

தரங்கம்பாடிக்குத் தெற்கே நாகூர். கந்தூரி விழாவின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவில் அலங்கரித்த வாகனங்கள் நாகப்பட்டினத்திலிருந்து வரும். எல்லாச் சமயத்தாரும் கூடும் இந்தக் கரையில்தான் தமிழ்க் கப்பற்சொற்களின் மறுபாதி விளங்கும். மாலுமி அரபிச் சொல். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், கப்பலில் வழி அறிந்து செலுத்துபவர். தமிழில் அது எல்லாக் கடலோடிக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. சுக்கானும் அரபி. தாமான், ஆடையின் விளிம்பைக் குறிக்கும் தாமன் என்ற பாரசீகச் சொல்லோடு சேர்ந்தது. நங்கூரமும் பாரசீகத்து லங்கர்தான். அந்த மொழியில் லங்கர் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வருகிறவர்க்கெல்லாம் சோறிடும் இடம். அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் பந்தி நடக்கும் லங்கரின் பெயரும், நாகப்பட்டினத்து விசைப்படகில் சங்கிலியோடு கிடக்கும் நங்கூரத்தின் பெயரும் உறவுள்ளவை. கடல்வழியாக வந்த சொல் ஒன்று இரண்டு கரைகளில் இரண்டு நல்ல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது.

இத்தனை சொற்கள் கடன் என்றால் நமக்குச் சொந்தமான கடலறிவு இல்லை என்றுதானே பொருள் என்று சிலர் கேட்கிறார்கள். வேறு சிலர் இவற்றையெல்லாம் களைந்து தூய சொல் படைக்க வேண்டும் என்கிறார்கள். இருவருமே கப்பலை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். தளத்தில் தமிழரும் மலையாளிகளும் குஜராத்திகளும் அரபிகளும் சேர்ந்து நிற்கும்போது, புயலில் ஒரு கட்டளை எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிய வேண்டும். அந்தத் தேவையில் பிறந்தது இந்துமாக்கடலின் பொதுச்சொல். கடலை ஆண்ட ஆங்கிலத்திலேயே டெக், ஸ்கிப்பர் இரண்டும் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தவை. அட்மிரல் என்ற உயர்ந்த பதவிப் பெயரின் வேர் அரபி. வெளியே போகாதவர்களுக்குக் கடன் வாங்கும் வாய்ப்பே இல்லை. நாமும் கொடுத்திருக்கிறோம். மலாய் மொழியில் கப்பல் இன்றும் கப்பல்தான். நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக ஒரு வெண்கல மணியின் பகுதியைப் பயன்படுத்துவதைக் கண்டார். அதில் தமிழ் எழுத்து இருந்தது. முகைதீன் பக்சு என்பவருக்குரிய கப்பலின் மணி என்பது அதன் பொருள். இன்று அது வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலம் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள இரண்டு பொருளையும், பாத்திரத்தையும் கப்பலையும், அந்த மணி தன் ஒரு வாழ்க்கையிலேயே கண்டுவிட்டது.

கட்டுமரத்தின் கதை நமக்கு இன்னும் உறைக்க வேண்டும். சோழமண்டலக் கரையின் இந்த மிதவையை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் எழுதினார். சொல் ஆங்கிலத்தில் தங்கியது. 1876இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட வேகப் படகைக் கட்டிய பின், கேட்டமரான் என்பது அந்த வகைப் படகின் பெயராகவே மாறிவிட்டது. பிறகு மூன்று உடல் படகு வந்தது. அதற்கு ட்ரைமரான் என்று பெயர். நம் மரம் அங்கே படகுடல் என்ற பொருளில் ஒரு விகுதியாகிவிட்டது. மரத்தை மரத்தோடு கயிற்றால் கட்டுவது என்ற மூலப்பொருள் அந்தப் பெயரில் எஞ்சவில்லை. அந்நியர் நம் கரைக்கு வந்து, கட்டுமரக்காரரின் வாயிலிருந்து கேட்டு, தம் மொழியில் எழுதிக்கொண்டார்கள். அதே கரையில் அதே சொல் நம் எழுத்தில் வறுமைக்கும் பின்தங்கலுக்கும் அடையாளமாகவே பெரும்பாலும் வந்தது.

கோடியக்கரையிலிருந்து சில மணி நேரக் கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்து வடகரை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்தக் கரையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். அவ்வூர்க் கடலோடிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். கப்பலின் தலைவருக்கு வல்வெட்டித்துறையில் தண்டையல் என்று பெயர். தூத்துக்குடித் தோணியில் அவரே தண்டல். கடலின் இருபுறமும் ஒரே தொழில்மொழி வழங்கியதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். அரசியல் எல்லைக்கோடு விழுந்தபின் அந்தப் பேச்சுத் தொடர்பு பெருமளவு அறுந்தது. சொற்கள் இரு கரைகளிலும் தனித்தனியே மெலிந்துகொண்டிருக்கின்றன.

பயணத்தின் கடைசி இடம் தூத்துக்குடி. 1974இல் பெருந்துறைமுகமாகி 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் பெற்ற புதிய துறைமுகத்துக்குச் சற்று வடக்கே, பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்கின்றன. மரத்தால் கட்டி, பல நூறு டன் ஏற்றிக்கொண்டு, வெங்காயமும் காய்கறியும் கட்டடப் பொருளுமாக மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய்வந்த கலங்கள் இவை. பாய் போய் எஞ்சின் வந்துவிட்டது. வேறு கரைகளில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டன. இந்த நிலையில் கடைசி மறுப்பு எழும்: பொருளே போனபின் பருமலும் தாமானும் எதற்கு? பருமலைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியில் பாதி உண்மை உண்டு. பாயே இல்லாத படகில் அதைக் காப்பாற்ற முடியாது. ஆனால் கண்ணாடியிழைப் படகுக்கும் முன்பக்கம் இருக்கிறது. அது இன்றும் அணியம்தான். எஞ்சின் மாட்டும் பின்பக்கம் இன்றும் அமரம்தான். வேலை தொடரும் இடத்தில் சொல்லும் தொடர்கிறது. அதை நாம் கேட்பதில்லை என்பதே குறை. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தபோது, பரதவரின் கடற்பேச்சு நாவல் முழுக்க இவ்வளவு செறிவாக இருப்பதைக் கண்டு வாசகர்கள் வியந்தார்கள். பின்னிணைப்பாகச் சொற்பொருள் தேவைப்படும் அளவுக்குத் தமிழருக்கே அந்தத் தமிழ் புதிதாக இருந்தது. அவர் கடலோர ஊரில் பிறந்து கப்பல் தொழிலில் இருப்பவர். ஃபால்கனர் விஷயத்தில் ஆங்கிலத்துக்கு நேர்ந்த நன்மை நமக்கு இரண்டு நூற்றாண்டு கழித்து நேர்ந்திருக்கிறது. அதே தொழிலில் இருக்கும் இன்னும் பலர் எழுத வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் அணியமும் அமரமும் ஏராவும் இருக்கின்றன. பொருள் ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகிறது. எந்த ஊரில், எந்த வகைப் படகில், எந்த மரத்தில், எந்த அளவில் என்பதெல்லாம் இன்னும் ஓடாவிகளின் கையிலும் தண்டல்களின் நினைவிலும்தான் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் பயிற்றும் கல்லூரிகள் இருக்கின்றன. கரையில் பிறந்த மாணவர்கள் அவற்றில் படிக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ப் படகு ஒன்றை வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் தம் வீட்டுப் பெரியவர் சொல்லும் பெயரை எழுதி, சொன்னவரின் ஊரையும் படகின் வகையையும் குறித்துக் கொடுத்தால் சில ஆண்டுகளில் ஒரு முழு அகராதி சேர்ந்துவிடும். ஆசிரியர்களே, இந்த ஆண்டே தொடங்குங்கள். கரையூர்களில் வீடுள்ள வாசகர்களே, நீங்கள் கல்லூரிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போய் உட்காருங்கள்.